வைப்பு நிதியில் ஓர் ஊன ஓய்வூதியம்

வெளிமாநிலங்களில் சம்பளத்துக்கு உழைக்கும் தமிழர்களுள் பிராவிடண்டு பண்டு என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் அரியர். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு தொகை குறைவதைக் கண்டு, என்றைக்காவது அது கைக்கு வரும் என்று ஆறுதல் கொள்வது நம் வழக்கம். மகளின் திருமணம், ஊரில் ஒரு சிறு வீடு, முதுமையில் பிறர் கையை எதிர்பாராத ஒரு பிடி சோறு, இவையே அத்தொகையோடு நாம் முடிச்சிட்டு வைத்திருக்கும் எண்ணங்கள். ஆயின் அதே ஏற்பாடு, இடைவழியில் உடல் ஊனமுற்று உழைக்க இயலாது போனவருக்கு, வயது 58 ஆகாவிடினும், பத்தாண்டுச் சேவை நிரம்பாவிடினும், ஆயுள் முழுவதும் மாத ஓய்வூதியம் அளிக்கக் கடமைப்பட்டது. இதை அறிந்தோர் சிலரே. அறியாமையால் அந்த ஓய்வூதியத்தைத் தம் கையெழுத்தாலேயே கைவிடுவோரோ பலர். அது எவ்வாறு நேர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதனைத் திருவனந்தபுரத்திலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறிற்றேயன்றிப் பிழைப்பு மாறவில்லை. சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், கட்டட வேலை நடக்கும் புறநகர்களிலும் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்து மாலையில் திரும்புவோரும் இருக்கின்றனர். ஓட்டல் அடுக்களை, துணிக்கடை, அச்சகம், காவல் வேலை, லாரிப் பட்டறை என்று பல துறைகளில் நம்மவர் உழைக்கின்றனர். இவர்களுள் பிராவிடண்டு பண்டில் சேர்ந்தவர்களின் கணக்கு, பட்டம் பகுதியிலுள்ள பவிஷ்யநிதி பவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. இங்கே பொருந்துவது புனேயிலும் பெங்களூரிலும் சூரத்திலும் உள்ளவர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஏனெனில் இது மத்திய சர்க்காரின் திட்டம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதன்று.

முதுமைக்கான நிதியில் ஊனத்துக்கு இடம் ஏது என்று சிலர் ஐயுறலாம். வரலாற்றைப் பார்த்தால் இவ்விரண்டும் உடன்பிறந்தவை. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், முதுமையையும் உழைக்க இயலாமையையும் ஒரே காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தது. அங்கே முதுமைப் பென்ஷனுக்கு வயது 70. அந்நாளைய ஆலைத் தொழிலாளி அவ்வயதை எட்டுவது அரிது. ஆகவே விரைவிலேயே ஊனப் பென்ஷன் பெற்றோரின் தொகை முதுமைப் பென்ஷன் பெற்றோரின் தொகையை மிஞ்சிற்று. நம் நாட்டில் 1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டமாகவும், 1952-இல் முழுச் சட்டமாகவும் பிராவிடண்டு பண்டு வந்தது. சிமெண்டு, சிகரெட்டு, பொறியியற் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களே முதலில் அதற்குள் அடங்கின. அது சேமிப்பு மட்டுமே, பென்ஷன் அன்று. 1971-இல் குடும்பப் பென்ஷன் திட்டம் வந்தது. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டமே நாம் இப்போது பேசும் ஊன ஓய்வூதியத்தைத் தருவது. அத்திட்டத்தின் பதினைந்தாம் பத்தியில் அது கூறப்பட்டுள்ளது. சமூகப் பாதுகாப்புச் சட்டங்களை ஒன்றுசேர்த்து 2020-இல் ஒரு தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், திட்டங்கள் திருத்தி எழுதப்படுகையில் பத்தி எண்கள் மாறக்கூடும். எண்ணை நினைவில் வைப்பதினும் பொருளை நினைவில் வைப்பதே பயன் தரும்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாம் பி.எப். என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு பெட்டிகள். தொழிலாளி செலுத்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு முழுவதும் சேமிப்புப் பெட்டிக்குப் போகிறது. முதலாளி செலுத்தும் பன்னிரண்டில் 8.33 பங்கு பென்ஷன் பெட்டிக்கும், எஞ்சியது சேமிப்புப் பெட்டிக்கும் போகின்றன. பென்ஷன் பெட்டியில் மத்திய சர்க்கார் 1.16 பங்கு சேர்க்கிறது. 2014 செப்டம்பர் 1 முதல் இக்கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்ச வரம்பு ரூ.15,000. அந்நாளுக்குப் பின் முதன்முறையாக வேலையிற் சேர்ந்து, சேரும்போதே அவ்வரம்புக்கு மேல் சம்பளம் பெற்றவர்களுக்குச் சேமிப்புப் பெட்டி மட்டுமே உண்டு. பென்ஷன் பெட்டி இல்லை. தமக்கு எது உண்டு என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பென்ஷன் சந்தா என்ற பத்தியைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அதில் தொகை ஏறியிருந்தால் உண்டு. சுழியாக இருந்தால் இல்லை.

சேமிப்புப் பெட்டியில் உள்ளது உங்கள் பணம். அதை எடுத்தால் தீர்ந்துவிடும். பென்ஷன் பெட்டி அப்படிப்பட்டதன்று. அது பொதுக் காப்பீடு போன்றது. அதில் உங்கள் பெயரால் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டிலும், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே கேள்வி. இதனாலேதான் ஊனமுற்றவருக்கு விதி மிகவும் இளகியிருக்கிறது. ஒரே ஒரு மாதச் சந்தா அந்தப் பெட்டிக்குச் செலுத்தப்பட்டிருந்தால் போதும்; சேவையில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் ஊனமுற்றவர் ஆயுள் ஓய்வூதியத்துக்கு உரியவர். சாதாரண ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு காத்திருக்கச் சொல்லும் அதே திட்டம் இங்கே ஒரு மாதத்தோடு நிற்பதைக் கவனியுங்கள்.

‘நிரந்தர முழு ஊனம்’ என்ற தொடரைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். சட்டச் சொற்களை மொழிபெயர்ப்பதே என் உத்தியோகம்; ஆகவே சொல்லாலே விளையும் தீங்கு என் கண்ணில் முந்திப் படுகிறது. இந்தத் தொடரைக் கேட்ட மாத்திரத்தில், படுத்த படுக்கையாகக் கிடப்பவரையே நாம் மனத்தில் காண்கிறோம். எழுந்து நடமாடும் ஒருவர், ‘எனக்கு இது பொருந்தாது’ என்று தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு விலகிவிடுகிறார். திட்டத்தின் விளக்கமோ வேறு. ஊனம் நேர்ந்த காலத்தில் ஒருவர் செய்ய வல்லவராயிருந்த வேலைகளையெல்லாம் செய்ய இயலாதபடி ஆக்கும் நிரந்தரமான ஊனமே முழு ஊனம் என்று அது கூறுகிறது. அளவுகோல் உடம்பு அன்று, வேலை. அதோடு அவ்விளக்கம் மற்றொன்றும் சொல்கிறது: அந்த ஊனம் வேலை செய்யும்போது நேர்ந்ததா, வேறு வகையில் நேர்ந்ததா என்பது பொருட்டன்று.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஓட்டல் ஒன்றில் சரக்கு மாஸ்டராக இருக்கும் ஒருவர், கொடைக்கு ஊர் போன இடத்தில் பக்கவாதம் தாக்கி வலக்கை விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் நேர்ந்ததன்று, விடுமுறையில் நேர்ந்தது. நடக்கிறார், பேசுகிறார், தெளிவாக இருக்கிறார். ஆயினும் பெரிய சட்டியைத் தூக்கவோ, கொதிக்கும் எண்ணெயின் முன் நிற்கவோ அவரால் இனி ஆகாது. சிறு வயது முதல் அடுப்படி ஒன்றே அறிந்தவர் அவர். விதியின் பார்வையில் இவர் மனுச் செய்யத் தகுந்தவர். கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதலாமே என்று யாரேனும் கேட்கக்கூடும்; அவர் முன்னமே கணக்கு எழுதவும் வல்லவராக இருந்திருந்தால் அக்கேள்விக்கு இடமுண்டு; இல்லையேல் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விளக்கம் கூறும் பகுதி ‘செய்ய வல்லவராயிருந்த எல்லா வேலையும்’ என்கிறது. மருத்துவப் பரிசோதனையைப் பற்றிக் கூறும் பகுதியோ, ‘ஊனம் நேர்ந்தபோது செய்துவந்த வேலைக்கு நிரந்தரமாக முற்றிலும் தகுதியற்றவரா’ என்று பார்க்கச் சொல்கிறது. முன்னது அகன்றது, பின்னது குறுகியது. பின்னதே தொழிலாளிக்கு அனுகூலமானது. ஆகவே மனுவோடு தரும் விவரங்களில், எந்த வேலை, எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் நிற்பது, எந்த உயரத்தில் ஏறுவது என்பவற்றை எழுதித் தருவது மிகவும் அவசியம். ‘ஊழியர்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு மருத்துவர் முன்னே போனால், அவர் உடம்பை மட்டுமே அளப்பார். சாரத்தில் ஏறும் கொத்தனாருக்குக் காதின் சமநிலை கெட்டதும், மேசையில் இருப்பவருக்கு அது கெட்டதும் ஒன்றல்லவே.

சர்க்கார் மருத்துவக் குழுக்கள் தரும் ஊனச் சான்றிதழில் நூற்றுக்கு நாற்பது, அறுபது என்று விழுக்காடு குறித்திருக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அச்சான்றிதழ் நாடெங்கும் செல்லும். கேரளத்தில் பெற்றது தமிழ்நாட்டிலும் செல்லும். அதைப் பெற்று வைத்துக்கொள்வது நன்றே. எனினும் பென்ஷன் திட்டம் விழுக்காட்டைக் கேட்பதில்லை. நாற்பது என்று குறித்திருப்பதனால் முழு ஊனம் ஆகாது என்று ஏதேனும் மேசையில் சொன்னால், திட்டத்தின் சொல் அதுவன்று என்று பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துரைக்கலாம்.

இனி, உரிமை கைநழுவும் இடத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் இரண்டு கையெழுத்துகளால் நிகழ்கிறது.

முதலாவது ராஜிநாமாக் கடிதம். ஓய்வூதியம் ‘சேவையில் இருக்கும்போது’ ஊனமுற்றவருக்கே உரியது. விபத்துக்குப் பின் சில வாரம் மருத்துவமனையில் கிடக்கிறார் ஒருவர். மேஸ்திரியோ மேலாளரோ, சில வேளைகளில் நல்லெண்ணத்தோடே, ‘எழுதிக் கொடுத்துவிடு, கணக்கை முடித்துவிடலாம்’ என்கிறார். காரணம் சொல்லாத ஒருவரிக் கடிதத்தில் கையெழுத்தாகிறது. ஏடுகளில் அவர் தாமாக வேலையை விட்டவர் ஆகிறார். ஊனம் முன்னா, விலகல் முன்னா என்ற வழக்கு அங்கே பிறக்கிறது. கேரளத்தில் உள்ள நம்மவர்க்கு ஒரு சொல் மயக்கமும் சேர்கிறது. தமிழில் ராஜி என்றால் சமாதானம். வழக்கு ராஜியாயிற்று என்கிறோம். மலையாளத்தில் அன்றாட வழக்கில் ராஜி என்றால் பதவி விலகல். அமைச்சரின் ராஜி என்று அங்குள்ள பத்திரிகைகளில் காணலாம். சமாதானமாகப் போவோம் என்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு ஒருவர் விலகல் கடிதத்தில் ஒப்பமிட இந்த ஒரு சொல்லே போதும். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடுவதற்கு முன், அதைப் படித்துச் சொல்ல நமக்கு வேண்டிய ஒருவரை அழைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டுவதில்லை.

வேலையை விட்டே தீரவேண்டிய நிலை வந்தால், உடல் ஊனத்தால் இன்ன நாள் முதல் வேலை செய்ய இயலவில்லை என்பதையும், மருத்துவமனையில் சேர்ந்த நாளையும் கடிதத்தில் குறிக்க வேண்டும். நிறுவனமும் தொழிலாளி விலகிய நாளைப் பதிவு செய்யும்போது காரணத்தைக் குறிக்க வேண்டும். அக்காரணங்களுள் நிரந்தர ஊனம் என்பது தனியே இருக்கிறது. அதை விட்டு, வெறுமனே சேவை முடிந்தது என்று குறித்துவிட்டால் பின்னர்த் திருத்துவதற்கு வீண் அலைச்சல்.

இரண்டாவது கையெழுத்து இன்னும் ஆபத்தானது. பென்ஷனுக்கு மனுச் செய்யும் பாரம் 10-டி. பத்தாண்டு நிரம்பாதவர் பென்ஷன் பெட்டியிலுள்ள உரிமையை ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு முடித்துக்கொள்ளும் பாரம் 10-சி. ஓர் எழுத்துதான் வேறுபாடு. சேமிப்புப் பெட்டியின் பணத்தைப் பெறும் பாரம் 19. வேலையை விடுபவர்களுக்குப் பத்தொன்பதையும் 10-சியையும் சேர்த்தே நிரப்பிக் கொடுப்பது கணினி மையங்களில் கைப்பழக்கமாகிவிட்டது. ஊனமுற்றவருக்கும் அப்படியே நிரப்பிவிடுகிறார்கள். பணம் வங்கியில் வந்து சேர்கிறது, குடும்பம் மகிழ்கிறது, ஆயுள் ஓய்வூதியத்தின் கதவு அன்றே சாத்தப்படுகிறது.

எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். ஓய்வூதியச் சூத்திரம் எளியது. கடைசி அறுபது மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். ரூ.15,000 சம்பளத்தில் ஏழாண்டு உழைத்தவருக்கு மாதம் ரூ.1,500 வரும். மூன்றாண்டு மட்டும் உழைத்தவருக்குச் சூத்திரப்படி சுமார் ரூ.640 ஆகிறது, ஆயின் 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்த அளவு ரூ.1,000 என்று வைத்திருப்பதால் அவருக்கு ஆயிரம் கிடைக்கும். இதே மூன்றாண்டுக்காரர் 10-சி வழியே போனால், ஓராண்டுச் சேவைக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்னும் கணக்கில் சுமார் ரூ.45,000 பெறுவார். நாலு ஆண்டு கழிவதற்குள் மாத ஆயிரம் அத்தொகையை எட்டிவிடும். முப்பது வயதில் ஊனமுற்றவர் அதற்குப் பிறகும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ரூபாயில் இந்நாளில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அது மிகக் குறைவுதான், சந்தேகமில்லை. ஆயினும் அது அவரோடு நிற்பதில்லை. அவர் காலமானால் மனைவிக்கு, பெண் தொழிலாளியாயின் கணவருக்கு, குடும்ப ஓய்வூதியம் தொடர்கிறது. அதோடு இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியம் உண்டு. முற்றும் ஊனமுற்ற மகனோ மகளோ இருந்தால் வயது வரம்பே இல்லை. நாற்பத்தையாயிரத்துக்கு விற்கப்படுவது இவ்வளவும் சேர்ந்த உரிமை.

இங்கு ஒன்றை மறவாதீர்கள். பத்தொன்பதாம் பாரத்தால் சேமிப்புப் பெட்டியை எடுப்பதில் தடையில்லை. உடல் அல்லது மன நலிவால் நிரந்தரமாக உழைக்க இயலாது ஓய்வு பெற்றவர் அதை முழுவதும் பெற உரிமையுடையவர். நிறுவனத்தின் மருத்துவரோ, மருத்துவர் இல்லாத இடத்தில் நிறுவனம் குறிக்கும் பதிவு பெற்ற மருத்துவரோ சான்று தர வேண்டும். மருத்துவச் செலவால் கடன்பட்ட குடும்பத்துக்கு அப்பணமே முதல் உதவி. தவிர்க்க வேண்டியது 10-சி மட்டுமே.

நிதியோடு சேர்ந்த காப்பீடு ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. 1976-இல் வந்த வைப்பு நிதி இணைப்புக் காப்பீட்டைச் சொல்கிறார்கள். அது சேவையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கே உரியது. ஊனத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. காப்பீடு என்ற பெயரை நம்பி அதைத் துரத்திக்கொண்டு காலத்தைப் போக்க வேண்டா. வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேறொரு வாயில் உண்டு. அது இ.எஸ்.ஐ. என வழங்கும் தொழிலாளர் ஈட்டுறுதி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. அங்கே ஊனம் வேலையின் காரணமாக நேர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும் வழியில் நேரும் விபத்தும் தக்க தொடர்பு இருப்பின் அடங்கும். சந்தா எத்தனை மாதம் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே காப்பு உண்டு. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு; நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு குறிக்கும் உழைப்புத் திறன் இழப்புக்கு ஏற்ற தொகை. திருவனந்தபுரத்தில் இதற்குரிய மருத்துவமனை பேரூர்க்கடையில் இருக்கிறது. அது வேறு அலுவலகம், வேறு மனு. இங்கே விழுக்காடு கேட்கப்படும். பிராவிடண்டு பண்டில் கேட்கப்படாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் மிகுதி.

மனுச் செய்யும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். 10-டி பாரத்தில் எந்த வகை ஓய்வூதியம் என்ற இடத்தில் ஊனம் என்பதைக் குறிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, ஆதார், குடும்பத்தினரின் பெயர், பிறந்த நாள், புகைப்படம், மருத்துவமனை தந்த தாள்கள் ஆகியவற்றைச் சேர்த்து நிறுவனத்தின் வழியே அனுப்ப வேண்டும். நிறுவனம் மூடிப்போயிருந்தால், கெஜட்டட் அதிகாரி, வங்கி மேலாளர் போன்றோரின் ஒப்பத்தோடு அனுப்பலாம். அலுவலகம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும். அதற்குப் போகும்போது மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது தந்த சுருக்கத்தை அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஊனம் நேர்ந்த நாளுக்கு அதுவே அத்தாட்சி. ஓய்வூதியம் அந்நாளுக்கு மறுநாள் முதல் கணக்கிடப்படுவதால், மனு பிந்தினாலும் தொடங்கும் நாள் விதிப்படி பிந்துவதில்லை. அந்தத் தாள் தொலைந்தால்தான் தொல்லை.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது. நிதியில் சேர்கிறதா என்பது வேறு. யு.ஏ.என். எனப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கேட்டுப் பெற்று, கணக்குப் புத்தகத்தை மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் செலுத்தாவிடில் பிரதான முதலாளியே பொறுப்பாளி என்பது சட்டம். வேலை மாறும்போது புதிய எண் எடுக்காமல் பழைய எண்ணையே கொடுங்கள். சேவை ஆண்டுகள் ஒன்றுகூடுவது அதனால்தான்.

ஊனமுற்றவர் வெளிமாநிலத்திலேயே தங்கிக் கிடப்பதில்லை, ஊருக்குத்தான் திரும்புகிறார். முன்னெல்லாம் பென்ஷன் உத்தரவை ஒரு வட்டார அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கே காலம் கழியும். 2025 ஜனவரி முதல் மையப்படுத்திய பென்ஷன் பட்டுவாடா முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த அலுவலகம் உத்தரவிட்டாலும், நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பணத்தைப் பெறலாம். பட்டத்தில் உத்தரவான ஓய்வூதியத்தைச் சங்கரன்கோவிலில் இருந்தபடியே வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று தரவேண்டும். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். விரல் ரேகையால் தருவதே வழக்கமாயினும், கையிழந்தவர்களும் விரல் தேய்ந்தவர்களும் முகத்தைக் காட்டியே தரும் வசதி 2022 முதல் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் வைப்பு நிதி அலுவலர்கள் முகாம் நடத்துகின்றனர். அன்று விடுமுறையாயின் அடுத்த வேலை நாளில் நடக்கும். திருவனந்தபுரம் வரை மீண்டும் பயணப்பட இயலாதவர்கள் தம் மாவட்ட முகாமில் குறையைச் சொல்லலாம்.

முறைப்படி நிறைவாக உள்ள மனுவை இருபது நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது திட்டத்தின் கட்டளை. குறையிருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதமானால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி உண்டு. அது ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படலாம் என்றும் எழுதியிருக்கிறது. வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்று ஒருவர் சொல்வது பதில் ஆகாது. மறுப்பைக் காரணத்தோடு எழுதித் தரும்படி கேளுங்கள். மறுப்பு நியாயமன்று என்று தோன்றினால், நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிராவிடண்டு பண்டு உறுப்பினரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1999 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைத் தாக்கல் செய்யலாம். ஊன்றுகோலோடு செங்கோட்டைக்குத் திரும்பிய ஒருவர் திருவனந்தபுரத்து அலுவலகத்தின் மறுப்பை எதிர்த்து வழக்காட மீண்டும் ரயிலேற வேண்டியதில்லை. மறுப்புக் கடிதம், 10-டி பாரத்தின் நகல், மருத்துவமனைத் தாள்கள் ஆகியவற்றோடு தம் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம்.